கல்யாண மண்டபத்து ரோதமுனி

சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்ததுதான் நான் செய்த பாவம். எங்கள் றப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்குப் பிறப்புப் பதிவு கிடைக்காவிட்டாலும், யாருடைய பிள்ளையைப் பொலிஸ் பிடித்தாலும், கரண்ட் கம்பியில் மரம் விழுந்தாலும், "அக்காவக் கூப்பிடு" என்பார்கள். டவுனில் சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். அதைப் பூட்டிவிட்டு ஓடவேண்டும். பேசி முடித்துத் திரும்பி வந்தால், "இன்னுங் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்" என்று ஒருவராவது சொல்லாமல் விடமாட்டார். சாமி விவகாரமும் அப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தது.

எங்கள் டவுன் கரவனெல்லைப் பக்கம் இருக்கிறது. முன்பு தோட்டம் டவுனுக்கு வெளியே இருந்தது. இப்போது டவுன் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. றப்பர் மரம் நின்ற இடத்தில் டயர் கடையும் டைல்ஸ் கடையும் நிற்கின்றன. றப்பர் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அது பல காலம் மூடிக் கிடந்து, பிறகு யாரோ வாங்கி, கல்யாண மண்டபமாகிவிட்டது. றப்பர் பால் உறையவைத்த தொட்டிகளில் இப்போது கலர் மீன் ஓடுகிறது. ரோல் மெசின்கள் நின்ற இடத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் டான்ஸ் ஆடுகிறார்கள். றப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட அறைதான் மணப்பெண்ணை அலங்கரிக்கும் அறை. எத்தனை சென்ட் அடித்தாலும் மழை நாளில் அங்கே பழைய புகைவாசம் வந்துவிடுமாம். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மெசின்கள் நின்ற பக்கத்துச் சுவருக்கு வெளியே ஒரு கல், ஒரு சூலம். அதுதான் ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். மெசின் ஓடுகிற ஸ்டோர் எங்கே இருந்தாலும் அங்கே ஒரு ரோதமுனி இருப்பார். சக்கரத்தில் யாருடைய கையும் சிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. என் அப்பா அந்த ரோல் மெசினில்தான் வேலை செய்தார். வலது கையில் இரண்டு விரல்கள் அங்கேதான் போயின. அன்றிலிருந்து ஆண்டுதோறும் முனிக்குச் சேவல் அறுத்து, சாராயமும் சுருட்டும் வைப்பது அப்பாவின் பொறுப்பு. விரலைக் காப்பாற்றாத சாமிக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று கேட்டால், "கையே போயிருக்கணும் புள்ள" என்பார். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

மண்டபத்து மெனேஜர் ஒருநாள் போன் செய்தார். மரியாதையான மனிதர்தான். அவர் சிங்களத்தில் சொன்னது இது: "மிஸ், அந்தக் கல்ல எடுத்துட்டுப் போயிருங்க. அந்த இடத்துலதான் ஜோடிகள நிக்க வச்சுப் போட்டோ எடுக்கிறோம். சூலமும் ரத்தக்கறையும் படத்துல விழுது. லொறி வேணும்னா தர்றோம். அடுத்த கல்யாணத்துக்குள்ள எடுக்கலன்னா மண் தோண்டுற பெக்கோவக் கொண்டாந்து நாங்களே எடுக்க வேண்டியதுதான்."

கோயில் கமிட்டியிடம் சொன்னேன். தலைவர் தனியாகப் பேசினால் தங்கமான மனிதர். கூட்டம் என்று வந்துவிட்டால்தான் வேறு ஆளாகிவிடுவார். "நம்ம மாரியம்மன் கோயிலுக்கே கொண்டாந்துருவோம். ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஐயரைக் கேட்டோம். கோபுரம் கட்டிக் கும்பாபிஷேகம் முடித்த கோயிலுக்குள் ரத்தம், சாராயம், சுருட்டு எதுவும் ஆகாது, வேண்டுமானால் சர்க்கரைப் பொங்கல் வைக்கலாம் என்றார்.

"முனிக்குச் சக்கரப் பொங்கலா?" என்று கேட்ட அப்பா, முனியிடம் உத்தரவு கேட்காமல் கல்லைத் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கமிட்டி எழுந்திருக்கவில்லை. பொங்கலில் கஜுப் பருப்பு போடுவதா வேண்டாமா என்று பிளேன்டீ தீரும்வரை பேசியது. பெக்கோ வரப்போகிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "அதெல்லாம் நீங்க பேசிக்கிருவீங்கக்கா" என்றார்கள். அங்கேயே யாரையாவது அறைந்திருப்பேன். எல்லோரும் சொந்தக்காரர்களாகப் போய்விட்டார்கள்.

கடைசியில் அப்பாவையே மெனேஜரிடம் கூட்டிப்போவது என்று முடிவெடுத்தேன். கிளம்புவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. மூன்று விரலால் அவர் சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் ஒரு பஸ் போய் அடுத்த பஸ்ஸும் வந்துவிடும். எப்போதும்போல அவர் கையைத் தட்டிவிட்டு நானே மளமளவென்று போட்டுவிட்டேன்.

மெனேஜர் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "கோவிச்சுக்காதீங்க மிஸ். மெசின்தான் இப்ப இல்லையே. அப்புறம் மெசினக் காக்கிற சாமி எதுக்கு?"

கேள்வியில் தப்பில்லை. எனக்கே பல தடவை தோன்றியதுதான். களைப்பில் அப்படியே தமிழில் சொல்லிவிட்டேன். அப்பா டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மெசின்தான் போச்சு. நான் இன்னும் இருக்கேன்லன்னு சொல்லு" என்றார்.

அதைச் சிங்களத்தில் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் எனக்கு வாய் வரவில்லை. மெனேஜர் என்னைப் பார்க்கிறார், அப்பா என்னைப் பார்க்கிறார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் என்னை நிறுத்திவைத்த எல்லோர் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மண்டபத்துக்காரன், ஐயர், கமிட்டி, முனி, ஒருவரையும் மனதுக்குள் விட்டுவைக்கவில்லை.

அப்போது கரண்ட் போனது. பின்பக்கம் யாரோ ஜெனரேட்டரைப் போட்டார்கள். தரை லேசாக அதிர்ந்தது. அப்பா தலையைத் திருப்பி அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு எழுந்து பின்பக்கம் நடந்தார். நான் மெனேஜரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். தகரக் கொட்டகைக்குள் பெல்ட்டும் சக்கரமும் சுற்றிக்கொண்டிருந்தன. அப்பா அதன் முன்னால் கைகூப்பி நின்றார்.

"ரோதை சுத்துது புள்ள. இங்க வைக்கச் சொல்லு" என்றார்.

"உத்தரவு கேக்காமத் தூக்கக் கூடாதுன்னீங்க?"

"கேட்டாச்சு" என்றார்.

எப்போது கேட்டார், யார் சொன்னார், எனக்குத் தெரியாது. போட்டோவில் விழாத இடம் என்பதால் மெனேஜர் உடனே தலையாட்டிவிட்டார். அன்று மாலையே நான்கு பேராகக் கல்லைத் தூக்கிக் கொட்டகை வாசலில், சக்கரத்தைப் பார்த்தபடி வைத்தோம். இத்தனைக்கும் பிறகு தலைவர் என்னிடம் வந்து, கமிட்டியை மதிக்காமல் நானாக முடிவெடுத்துவிட்டேன் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். இன்றுவரை நேராகப் பேசுவதில்லை. நல்லதுதான், ஒரு தொல்லை குறைந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கடையில் டியூஷன் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். மெனேஜர் போன் செய்தார். கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறதாம், கரண்ட் போய்விட்டதாம், ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையாம்.

"மிஸ், உங்க அப்பாவக் கொஞ்சம் கூட்டிட்டு வர முடியுமா? பொடியன்கள் காலி சோடாப் பெட்டிகள அந்தக் கல்லு மேல அடுக்கி வச்சிருக்கானுங்க. நான் கவனிக்கல."

"அதுக்கு ஒரு மெக்கானிக்கக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன்.

"அவர் இங்கதான் நிக்கிறார் மிஸ். அவர்தான் கூப்பிடச் சொன்னார்."

பிள்ளைகள் முணுமுணுக்க முணுமுணுக்கக் கடையைப் பூட்டினேன். திரீவீலர் பிடித்து லயத்துக்குப் போய், மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அப்பா உடனே எழுந்தார். வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். வெளியே திரீவீலர்காரன் ஹோர்ன் அடித்தான். வழக்கம்போலப் பொத்தானுக்குக் கையை நீட்டினேன். அப்பா என் கையை விலக்கினார்.

"இரு புள்ள. வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கல்ல" என்றார்.

அவர் கடைசிப் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை வாசலில் நின்றேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை.