கடைசியில் வந்த குட்டியும் ஐம்பதாயிரம் பாக்கியும்

குதிரைக்காரர் சோய்ஜில் நமூனுக்கு ஐம்பதாயிரம் துக்ரிக் பணம் பாக்கி வைத்திருந்தார். போன வருஷம் நாதாம் திருவிழாக் குதிரைப் பந்தயத்தில் அவருடைய இரண்டு வயதுக் குதிரைக்குட்டியை ஓட்டியதற்கான கூலி அது. நமூனுக்கு வயது ஒன்பது.

சோய்ஜில் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு கைகழுவியவர். இரண்டு கிழட்டு ஆடுகளில் ஆரம்பித்து இருநூறு குதிரைக்கு வந்தவர். ஓடிவந்த குதிரையின் உடம்பிலிருந்து வழித்தெடுத்த வியர்வையைப் பார்த்தே எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று சொல்லிவிடுவார். படித்த கால்நடை டாக்டரே வந்து கேட்டுவிட்டுப் போவார். அப்பேர்ப்பட்டவரின் குட்டி கடைசியில் வந்தது.

கடைசிக் குட்டியைச் சும்மா அனுப்புகிற வழக்கம் அந்தப் புல்வெளியில் இல்லை. எல்லார் முன்னாலும் நிறுத்திப் பாடுவார்கள்: குட்டி மேல் குற்றமில்லை, ஓட்டிய பிள்ளை மேல் குற்றமில்லை, வயிறு முட்டத் தின்னவிட்ட எஜமான் மேல்தான் குற்றம், அடுத்த வருஷம் இதுவே முந்தும். கூட்டம் சிரித்தது. சோய்ஜிலுக்கு மூக்குக்கு மேல் கோபம். கூலி கேட்டு வந்த நமூன் மேல் பாய்ந்தார்.

"கூலியா? ஆட்டு மேல ஏறியிருந்தாகூட சீக்கிரம் வந்திருப்ப!"

அன்றிலிருந்து நமூன் எந்தக் குதிரையிலும் ஏறவில்லை. குட்டியோ அவளைத் தவிர யாரையும் முதுகில் தங்கவிடவில்லை. இந்த வருஷப் பந்தயத்துக்கு நாலே நாள்.

"போய் அந்தப் புள்ளகிட்ட நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு வாங்க," என்றாள் சோய்ஜிலின் மனைவி துலம். காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றை நீட்டினாள். "வாயில அடக்கிக்கங்க. கோபம் வந்தா கடிங்க."

நமூன் கூடார வாசலில் ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"புள்ள, நீ ரொம்ப நல்லா உக்காந்திருந்த. மாவு மூட்டை மாதிரி..." சட்டென்று கட்டியைக் கடித்தார்.

"திட்டறதுன்னா திட்டிடுங்க தாத்தா. பல்லு போயிடப் போவுது."

வேறு வழி தெரியாமல் அந்தப் பாட்டையே பிடித்துக்கொண்டார். "குட்டி மேல தப்பில்ல. ஒம் மேலயும் இல்ல. கட்டிப்போடாம மேயவிட்டவன் நான்தான். தொப்பையோட எது ஓடும்?" மனைவியிடம்கூட ஒப்புக்கொள்ளாத விஷயம்.

நமூன் புட்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நான் தப்பே பண்ணலியா?"

"ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது மேடு வரைக்கும் கடிவாளத்த இழுத்துப் பிடி. அப்புறம் விட்டுடு."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? சரி, ஏறறேன். மொதல்ல கூலி."

சோய்ஜில் அங்கி மடியிலிருந்து ஆயிரம் துக்ரிக் தாள்களை எடுத்து, எச்சில் தொட்டு, அவள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். இருபதில் கணக்கு தவறி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"நல்லாத்தான் எண்ணுறீங்க தாத்தா," என்றாள் நமூன், கையை மடக்காமல். "ஒண்ணே ஒண்ணு. மனசுக்குள்ள எண்ணாம வாய்விட்டு எண்ணுங்க."

ஐம்பதாவது தாளை அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லி வைத்தார்.