வோமப் பஞ்சலிங்கம்

மயிலிட்டியில் பஞ்சலிங்கம் என்று விசாரித்தால் நாலைந்து வீடுகளைக் காட்டுவார்கள். ‘வோமப்’ பஞ்சலிங்கம் என்றால் ஒருவன்தான். எழுபதுகளில் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் குழுவில் அவன் மேலதிக ஆட்டக்காரன், நான் கோல்கீப்பர்.

வோமப் என்ற இங்கிலீசுச் சொல்லுக்கு, மைதானத்தில் இறங்குமுன் ஓடிக் குதித்து உடம்பைச் சூடாக்கி ஆயத்தமாவது என்று பொருள். எங்களுக்குப் பயிற்சி தந்த சோமசேகரம் மாஸ்ரர் அதை எங்களை வெருட்டுவதற்கு வைத்திருந்தார். நாங்கள் சோம்பி விளையாடினால், “பஞ்சலிங்கம், வோமப்” என்று கத்துவார். அவன் கோட்டோரம் ஓடத் தொடங்குவான். இடம் பறிபோய்விடும் என்ற பயத்தில் நாங்கள் உயிரைக் கொடுத்து விளையாடுவோம். பிறகு அவனிடம், “சரி, இரு” என்பார். நல்ல மனுசன்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பஞ்சலிங்கத்தின் தாய் சின்னாச்சி மீன் விற்பவள். ஆட்டம் நடக்கும் பின்னேரம்தான் அவளுக்குச் சந்தை, அதனால் ஒருநாளும் பார்க்க வந்ததில்லை. மகன் விளையாடுகிறான் என்று சந்தை முழுக்கப் பெருமை பேசுவாள். ஆனால் ஜேர்சியைத் தோய்ப்பவளும் அவள்தானே. மற்றப் பெடியன்களின் ஜேர்சியில் செம்மண் அப்பிக் கிடக்கும். இவனுடையதில் வெறும் வியர்வை.

ஒருநாள் ஏனென்று கேட்டுவிட்டாள். அடுத்த ஆட்டம் முடிந்ததும் அவன் மண்ணை அள்ளி நெஞ்சில் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

“விழுந்தவன் இப்பிடி அளவாய்ப் பூசிக்கொண்டு வாறதில்லையடா” என்று சிரித்தாளாம்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஆசைதான். உண்மையாகவே விளையாடி, மண் பட்ட ஜேர்சியை அவள் கையில் கொடுக்க வேண்டும்.

எழுபத்துநாலில் ஒரு போட்டியில் எங்கள் ஆள் ஒருவன் கால் பிரண்டு விழுந்தான். மாஸ்ரருக்கு வேறு வழியில்லை. பஞ்சலிங்கம் இறங்கினான். கோல் ஒன்றும் அடிக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் விழுந்து எழும்பினான். முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். சின்னாச்சி அப்போது கடும் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

“அம்மா, இண்டைக்கு விளையாடினனான். இஞ்சை பாரணை.”

அவள் கண் திறக்கவில்லை. ஜேர்சியைக் கையால் தடவினாள்.

“கனக்கப் பூசிப்போட்டாய்” என்றாள்.

“மெய்தானணை, நான் பாத்தனான்” என்றேன்.

“பொய் சொல்ல உன்னையும் கூட்டிக்கொண்டு வந்திட்டானோ” என்றவள், அவன் தலையைத் தேடித் தடவினாள். “நீ விளையாடினாலென்ன, விளையாடாட்டிலென்ன ராசா.”

மறுநாள் செத்துப்போனாள். செத்தவீட்டில் அவன் அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சடங்கு கழிந்து வந்த போட்டியில் நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். மாஸ்ரர் வழக்கம்போல, “பஞ்சலிங்கம், வோமப்” என்றார்.

அவன் எழும்பவில்லை.

“இனி ஆருக்கு மாஸ்ரர்?” என்றான்.