மூன்று மணிக்கு எடுத்த சிலை

உலக யுத்தம் முடிந்து ரயில்களில் பட்டாளத்துக்காரர் குறைந்துவிட்டார்கள். சனங்கள் மறுபடியும் ஊர் பார்க்கக் கிளம்பியிருக்கிறார்கள். மன்னார்ப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். எவ்வளவு உதவும் என்று சொல்லத் தெரியவில்லை. போய் வந்த எனக்கே அங்கே என்ன பார்த்தேன் என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். லண்டனில் படித்துத் திரும்பிய நல்லதம்பி என்ற சிற்பி ஆறு மாதம் மன்னாரில் தங்கி, கடலையே பொருளாக வைத்துச் சிலைகள் செய்திருக்கிறார், அவற்றைப் பள்ளிமுனையில் ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கலாம் என்று பத்திரிகையில் நாலு வரி வந்தது. கொழும்பில் வைக்க வேண்டியதை மீன்பிடிக்கிற ஊரில் ஏன் வைத்தார் என்பது எனக்கு முதல் குழப்பம். என் கணவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். கோயிலில் இருந்தால்தான் அவருக்கு அது சிலை. "திருக்கேதீஸ்வரமும் போறதெண்டால் வாறன்" என்றார். சரி என்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்கள் இரவு மெயிலில் ஏறி மதவாச்சியில் இறங்கி, தலைமன்னார் ரயிலுக்கு மாற வேண்டும். அங்கிருந்து மன்னாருக்கு ஏறக்குறைய ஐம்பது மைல். இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறவர்களின் பெட்டி படுக்கைகளுக்கு நடுவே கால் வைக்கவும் இடம் தேட வேண்டியிருக்கும். எதிரே இருந்தவர் எங்களையும் இந்தியாவுக்குப் போகிறவர்கள் என்றே முடிவுகட்டி, இராமேசுவரத்தில் எந்த மடம் நல்லது என்று முருங்கன் ஸ்டேஷன் வரைக்கும் விளக்கினார். மன்னாரில் இறங்குகிறோம், சிலை பார்க்க என்றேன். அவர் நம்பாமல் என் கணவரைப் பார்த்தார். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். குடிக்கிற தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், வழியில் கிடைப்பது உப்புக் கரிக்கும்.

மாறி ஏறிய ரயில் தாமதித்ததால் மன்னார் ஸ்டேஷனில் இறங்கும்போது பகல் ஒரு மணி கழிந்துவிட்டது. வாடகைக் கார் ஒன்றுதான் நின்றது. சாரதி தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர். பள்ளிமுனைக்கு இரண்டு ரூபாய் கேட்டார். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வேறு வழியில்லை.

"பள்ளிமுனையில என்ன அலுவல்?" என்றார்.

"சிலை பாக்க வந்தனாங்கள்."

அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப கெதியா ஏறுங்கோ. மூண்டு மணிக்கு எடுக்கினம்."

"ஞாயிறு வரைக்கும் இருக்குமெண்டு பேப்பரில கிடந்துதே!"

"மற்றதெல்லாம் இருக்கும். அது ஒண்டைத்தான் எடுக்கினம்."

ஆரோ பணக்காரர் வாங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். "எங்க, கொழும்புக்கோ?"

"இல்லை பிள்ளை. சவக்காலைக்கு."

பிணம் புதைக்கிற இடத்தில் சிலைக்கு என்ன வேலை என்று நான் கேட்பதற்குள் அவர் காரைக் கிளப்பிவிட்டார். ரோட்டில் படுத்திருந்த கழுதைகளை ஹோர்ன் அடித்து எழுப்பிக்கொண்டே ஓட்டினார். இவர் என் காதுக்குள், "இறங்குவமோ?" என்றார்.

கண்காட்சி நடந்தது ஒரு பழைய கருவாட்டுக் கொட்டிலில். சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், வாசம் மட்டும் போகவில்லை. வாசலில் கறுப்புச் சேலையில் பெண்கள் நின்றார்கள். உள்ளே யாரோ ஒப்பாரி வைத்தார்கள். இது சாவீடு, இடம் மாறி வந்துவிட்டோம் என்று நான் திரும்பப் போனேன். அப்போதுதான் சுவரோரம் சிலைகள் வரிசையாகத் தெரிந்தன.

கடலில் எடுக்கிற முருகைக்கல்லில் சில, மரத்தில் சில. "அலை" என்று எழுதி வைத்திருந்ததில் அலை இல்லை, அலை போன பிறகு மணலில் கிடக்கிற வரிகள்தான் இருந்தன. எனக்கு அது மிகவும் பிடித்தது. இன்னொன்றுக்கு எது தலை, எது கால் என்று சித்திரம் படிப்பிக்கிற எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "அது நங்கூரம் மாதிரித்தான் கிடக்கு ரீச்சர், ஆனா நிலத்தைப் பிடிக்காது" என்றார். நான் ரீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

கொட்டிலின் நடுவில் உட்காருகிற நீள வாங்குகள் இரண்டின் மேல் ஒரு சவப்பெட்டி திறந்திருந்தது. உள்ளே மரத்தால் செய்த ஆள், முழு அளவில், ஒருக்களித்துப் படுத்திருந்தான். உடைந்த வள்ளத்தின் பலகைகளில் செதுக்கியது, ஆணி ஓட்டைகள் தோளிலும் தொடையிலும் அப்படியே இருந்தன. தலைமாட்டில் மெழுகுதிரி எரிந்தது. "கரை சேர்ந்தவன்" என்ற பெயர்ச்சீட்டு கீழே நிலத்தில் கிடந்தது. நான் பார்த்த எந்தச் சிலையும் என்னை அப்படி நிற்க வைத்ததில்லை.

மூலையில் காற்சட்டையோடு குந்தியிருந்தவர்தான் நல்லதம்பி. முப்பது வயதிருக்கும். அவரிடம் கேட்டுத்தான் விஷயம் தெரிந்தது. பிலோமினா என்ற பெண்ணின் புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனவன், ஆளும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. கண்காட்சி தொடங்கிய அன்று அவள் இந்தச் சிலைக்கு முன்னால் நின்று, "இது என்ர மனிசன். தாங்கோ, அடக்கம் பண்ணவேணும்" என்று கேட்டாளாம். தினமும் வந்து கேட்டாளாம். அவருடைய வேலைகளில் அதுதான் தலையாயது, அடுத்த மாதம் கொழும்புக்குப் போக இருந்தது. மாட்டேன் என்று சொல்லிச் சொல்லி, முதல் நாள்தான் ஓம் என்றுவிட்டார்.

"அவரைப் பாத்துத்தான் செய்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"நான் அவரைக் கண்டதேயில்லை."

"பிறகேன் ஓமெண்டனீங்கள்?"

"தெரியேல்லை ரீச்சர். இப்பவும் தெரியேல்லை" என்றார். அழுகிறவர் போலத்தான் இருந்தார், ஆனால் அழவில்லை.

ஊருக்குள்ளும் ஒரு முடிவில்லை. மூக்கு அவன்தான் என்றார்கள் சிலர். மூக்கும் இல்லை முழியும் இல்லை என்றார்கள் வேறு சிலர். நான் போய்ப் பெண்களோடு இருந்தேன். சைவக்காரி, கத்தோலிக்கர் நடுவே எப்படி அழுவது என்றுகூடத் தெரியாது. பிலோமினா என் பக்கம் திரும்பி, தெரிந்தவளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ரெண்டு வருசமா கோயிலில சுவாமியாரிட்டப் போறன் அக்கா. செத்தவருக்கெண்டு பூசை கேக்கிறதோ, திரும்பி வரவேணுமெண்டு கேக்கிறதோ? ஒண்டும் கேளாமல் வாறன். ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாரும் கல்லறையில திரி கொழுத்துவினம். நான் எங்க கொழுத்துறது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பங்குச் சுவாமியார் வந்தார். மரத்துக்கு மரித்தோர் பூசை செய்ய முடியாது, உங்களோடு நின்று செபமாலை சொல்லலாம் என்றார். அதுவே போதும் என்றார்கள். மூன்று மணிக்கு எடுத்தார்கள். மனித உடம்பைவிட அந்த மரம் கனம். வாசல் தாண்டும்போது தூக்கியவர்களில் ஒருவர் தடுமாற, பெட்டி சரிந்தது. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தது யார் என்று பார்த்தால் என் கணவர். சவக்காலை வரைக்கும் அவர் தோளை மாற்றவில்லை.

குழிக்குள் இறக்கப் போகும்போது நல்லதம்பி, "பொறுங்கோ" என்றார். எல்லாரும் அப்படியே நின்றார்கள். சிலையைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்றே நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அக்கா, பொய்யில இதைத் தாட்டால் எனக்கு நித்திரை வராது. இது உங்கட மனிசனில்லை. நான் அவரைக் கண்டதுமில்லை."

"தெரியும் தம்பி," என்றாள் பிலோமினா. "அவர் இவ்வளவு வடிவில்லை."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, உடனே அது அழுகையாக உடைந்தது. "ஆனா எனக்கு ஒரு இடம் வேணுமே தம்பி" என்றாள். நல்லதம்பி குனிந்து முதல் பிடி மண்ணைத் தானே போட்டார்.

போகிறவர்களுக்கு: மற்றச் சிலைகள் ஞாயிறு வரை இருக்கின்றன. காலையில் போங்கள், பின்னேரம் கொட்டிலுக்குள் வெக்கை தாங்காது. அனுமதி இலவசம். நடுவில் இரண்டு வாங்குகள் வெறுமையாகக் கிடந்தால் எதையோ மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே காரில் திருக்கேதீஸ்வரம் போகலாம், பாலம் கடந்து ஏழு மைல், போய்வர ஐந்து ரூபாய். மாற்றுடுப்பு ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள்.

அதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோயிலடியில் இறங்கியதும் எனக்குப் பெரிய குழப்பம். சவக்காலைக்குப் போய் வந்தவர்கள் அப்படியே சாமி கும்பிடலாமா? ஆனால் துடக்கு, தீட்டு என்று சொல்ல யாரும் சாகவில்லையே. நான் யோசித்து முடிப்பதற்குள் இவர் சேர்ட்டைக் கழற்றிவிட்டுப் பாலாவித் தீர்த்தத்தில் இறங்கிவிட்டார்.

"இஞ்சேருங்கோ, மரத்துக்கும் முழுகவேணுமோ?" என்று கரையிலிருந்து கேட்டேன்.

அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தார். "மரத்துக்கு ஆர் முழுகிறது? அந்தப் பிள்ளைக்கு இண்டைக்கெல்லோ மனிசன் செத்தது."

நானும் இறங்கினேன்.