மூன்றாம் பகுதியில் ஒரு மௌனம்

நாற்காலிகளின் முதுகில் எண் எழுதிய சீட்டுகளை ஒட்டிக்கொண்டிருக்கிறாள் மதாம் எவ்லின். இருப்பவை ஏழு நாற்காலிகள். எண்களோ பன்னிரண்டில் தொடங்குகின்றன. "ஒண்ணு, ரெண்டுன்னு போட்டா பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும்" என்பாள்.

கச்சேரி நடப்பது ஹாம்பர்க்கில். பார்ப்பது பெய்ரூத்தில், ஐந்தாம் மாடியில், அவள் வீட்டுத் தொலைக்காட்சியில், இணையம் வழியாக. ஆனாலும் வருகிறவர்களின் கோட்டை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்துத்தான் உள்ளே விடுவாள். கோட்டில்லாமல் வந்த கசாப்புக்கடை அபூ தானிக்கு, காலமான தன் கணவரின் கோட்டை மாட்டிவிட்டு, உடனே கழற்றச் சொல்லி டோக்கன் கொடுத்தாள்.

முப்பது வருடம் வங்கிக் கவுன்ட்டரில் முத்திரை குத்தியவள். மகன் நதீம், ஆள் உயர வயலின் போன்ற செல்லோவைக் கற்ற அறையின் வாசலில் உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாகக் கேட்ட சங்கீதம்தான் அவள் படிப்பு. அது போதும் அவளுக்கு, ஊரையே திருத்த. "பூசணி விதை கொறிக்கிறவங்க பால்கனிக்குப் போகலாம்." "இந்தப் பியானோக்காரனுக்கு எங்கயோ பஸ் பிடிக்கணும் போல."

நான்கு வருடமாக ஊர் வராத நதீம் இன்று ஐந்து பேர் குழுவில் செல்லோ வாசிக்கிறான். "முடிஞ்சதும் மேடையிலேர்ந்து உன் பேரைச் சொல்லி ரெண்டு வார்த்தை பேசறேன்மா" என்று போனில் சொல்லியிருந்தான். நேரலை மட்டும்தான், விட்டால் மறுபடி பார்க்க வழியில்லை. கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டாள், பேச்சுவார்த்தை இல்லாத மூன்றாம் மாடி ஹுதா உட்பட. ஹுதா முதல் ஆளாக வந்து பன்னிரண்டாம் எண்ணில் உட்கார்ந்தாள்.

"மூணாவது பகுதியில ஒரு பெரிய மௌனம் வரும். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்று எவ்லின் அறிவித்தாள். கச்சேரி தொடங்கியது.

மூன்றாம் பகுதி நடக்கும்போது மணி ஆறு. அரசு மின்சாரம் போய்த் தெரு ஜெனரேட்டர் உறுமியது. பேட்டரி தயவில் தொலைக்காட்சி எரிந்தது. வைஃபை பெட்டி மட்டும் செத்தது. அதை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும் என்பது அந்தத் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். திரையில் நதீமின் வில் அந்தரத்தில் நின்றது.

எவ்லின் விரலை உயர்த்தினாள். "இதுதான் அந்த மௌனம்."

எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். ஒரு நிமிடம். இரண்டு.

"எங்க வீட்டுலயும் தினம் ஆறு மணிக்கு இந்த மௌனம் வரும், மதாம்" என்றாள் ஹுதா.

"உஷ்."

"நடுவுல ஒரு வட்டம் சுத்துதே?"

"ஐரோப்பாவுல இப்ப மேடை விளக்கு அப்படித்தான்."

அபூ தானி வைஃபை பெட்டியைப் பார்த்தபடி பாதி எழுந்தார். "பதினஞ்சாம் நம்பர், உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்.

ஐந்தாம் நிமிடத்தில் அவளுக்கும் தெரிந்துவிட்டது. பெட்டி நாலு எட்டு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த நாலு எட்டும் ஹுதாவின் முழங்காலைத் தாண்டித்தான் போகவேண்டும். நாலாவது பகுதி முழுசாக இருக்கிறது, நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டாள். கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டவும் தொடங்கினாள். ஆட்டம் தாளத்தோடு இருந்தது.

"மதாம், கழிப்பறை" என்று பொய் சொல்லிவிட்டுப் போன அபூ தானிதான் கடைசியில், இருபத்தைந்தாம் நிமிடத்தில், பொத்தானை அழுத்தினார். பெட்டி சாவகாசமாகக் கண் விழித்தது. படம் வந்தது.

மேடையில் ஐந்து நாற்காலிகளும் காலி. நீல மேலுடை போட்ட ஒருவன் பியானோவின் மூடியைச் சாத்திவிட்டு, ஒலிவாங்கியின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"பிள்ள பேசிட்டானா மதாம்?" ஹுதா கேட்டாள்.

"பேசிட்டான்."

"என்ன சொன்னான்?"

மதாம் எவ்லின் எழுந்து நின்றாள். பாவாடையை நீவிவிட்டாள். வயர் சுருட்டுகிறவனைப் பார்த்து, மற்றவர்களும் எழுந்திருக்கும்வரை, பலமாகக் கைதட்டினாள்.