தாத்தா நின்ற வரிசை

வருகிற போகிப் படையலில் என் தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா, கூடாதா? அப்பா என்னிடம் கேட்ட இந்த ஒரு கேள்விக்கு ஒன்றரை வருஷமாகியும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கல்வராயன் மலையில் எங்கள் குடும்பத்தில் போகியன்று இறந்தவர்களுக்குப் படைப்போம். பங்காளிகளில் மூத்தவர் இலைக்கு முன்னால் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சாப்பிட அழைப்பார். என் அப்பாவின் அப்பா பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் அடுத்த பெயருக்குத் தாண்டிவிடுவார். ஏனென்றால் அவர் இறந்தாரா என்று யாருக்கும் தெரியாது. உயிரோடு இருப்பவரைப் படையலுக்குக் கூப்பிட்டால் அவர் ஆயுசுக்கு ஆகாது என்பார்கள்.

அப்பாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது தாத்தா மலையை விட்டிறங்கி மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனார். அங்கே ஜப்பான்காரன் வந்த பிறகு, வெள்ளைக்காரனை எதிர்க்க நம் நாட்டவர் திரட்டிய தொண்டர் படையில் அவர் பெயர் கொடுத்துவிட்டதாக, கப்பலேறித் திரும்பி வந்த யாரோ கச்சிராயபாளையம் சந்தையில் சொல்லியிருக்கிறார். வந்த செய்தி அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார் என்று சொன்னார்கள். கோபம் வந்தால் இன்றைக்கும் அப்பாவை "ஓடிப்போனவன் புள்ள" என்று சொல்கிற பங்காளி ஒருவர் இருக்கிறார். படையலில் பெயர் கூப்பிடுகிறவரும் அவரே.

என் குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் அப்பா கள்ளக்குறிச்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை சாமையுடன் வந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"நீ பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிகீற. பட்டாளம்னா பேரு எழுதாம சேத்திருக்க மாட்டான் இல்ல? எங்கப்பன் பேரு எங்கனா கீதான்னு தேடிப் பாரு பாப்பா. செத்துட்டாருன்னு ஒரு வரி இருந்தா போதும்."

"எந்த வருஷம் போனாருப்பா?"

"எனக்கு நாலு வயசு அப்ப."

"இப்ப உனக்கு எத்தினி வயசு?"

"அத யாரு எழுதி வச்சாங்க?"

வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனேயே பயமும் வந்துவிட்டது.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. இன்னும் அது ஓயவில்லை. காலையில் போன பஸ் மாலையில் திரும்பும் என்று நம்ப முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஊர்ப் பெயரைக் கேட்பார்கள், பிறகு தெருவைக் கேட்பார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும்.

கடலூரில் இருந்த முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டு விண்ணப்பத் தாள் வரவழைத்தேன். தாத்தாவின் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் எழுதினேன். அடுத்து ஒரு கட்டம். 'இனம்' என்று போட்டிருந்தது. பேனாவை வைத்துவிட்டேன்.

எங்கள் மலை ஜனங்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. நாங்கள் பேசுவது தமிழ். மலையில் இருப்பதால் மலையாளி. என் பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. இருந்தாலும் இந்த நேரத்தில் ஒரு சர்க்கார் தாளில் அதை எழுதலாமா என்று குழம்பினேன். என் வீட்டுக்காரரும் மலைக்காரர்தான், அரிசி ஆலையில் வேலை. அவரைக் கேட்டேன்.

"ஏங்க, இதுல இன்னா எழுதறது?"

"போஸ்ட்மேன்ல இருந்து பியூன் வரைக்கும் அத்தினி பேரும் படிப்பான். தமிழ்னு போட்டு அனுப்பு. பேசறது தமிழ்தான?"

தமிழ் என்று எழுதினேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. தமிழர் பட்டியலில் கல்வராயன் மலையைச் சேர்ந்த அப்படி ஒருவர் இல்லை.

நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினேன். கைக்குழந்தையோடு அன்றைக்குக் கிளம்பியது புத்திசாலித்தனமா என்று இன்றும் நினைக்கிறேன். எலவனாசூர்கோட்டையைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. இலைகள்கூட வாடவில்லை. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, துண்டை விரித்து சீட்டிலேயே படுத்துவிட்டார். முன்னும் பின்னும் வண்டிகள். குழந்தை அழ ஆரம்பித்தது. வெயிலில் எனக்குப் பால் சுரக்கவில்லையோ, அதற்குத்தான் பசியில்லையோ, தெரியவில்லை. எதைச் செய்தாலும் அழுகை நிற்கவில்லை.

ரோட்டோரத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா வந்து ஜன்னலைத் தட்டினாள். "இன்னாத்துக்கும்மா வண்டிக்குள்ள வேகற? எறங்கி வா. கொழந்தைக்கு எந்தக் கட்சியும் கெடையாது."

அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். நீங்கள் யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் நானே, கேட்காத விஷயத்தையெல்லாம் சொன்னேன். தாத்தா, மலேயா, தொண்டர் படை எல்லாம். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பட்டாளமா? மணலூர்பேட்டைல எங்க பெரிய மாமா அதுல இருந்தவருதான்மா. ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு. போயி கேளு."

அன்று கடலூர் போகவில்லை. மரத்தை எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது, பஸ் வந்த வழியே திரும்பியது. அடுத்த வாரம் வீட்டுக்காரரோடு மணலூர்பேட்டைக்குப் போனேன். பெரியவர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

"கல்வராயன் மலைங்க."

"அட, மலையாளியா!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் கையசைத்தார். "உன்னப் பாத்துச் சிரிக்கலம்மா. பேரு எழுதன அன்னிக்கி நடந்தது ஞாபகம் வந்துச்சி. மைதானத்துல மேஜ போட்டு ஒருத்தன் எழுதறான், வடக்கத்தியான். எங்க தமிழாளுங்க வரிசையில உங்க மலைக்காரனுங்க ரெண்டு பேரு நின்னுகினு இருந்தானுங்க. கிட்டப் போனதும், நீ இன்னா ஆளுன்னு கேட்டான். மலையாளின்னானுங்க. அவ்ளோதான். ரெண்டு பேரையும் இட்டுக்கினு போயி கேரளாக்காரங்க வரிசையில நிறுத்திட்டான்."

"நீங்க யாரும் சொல்லலீங்களா?"

"சொன்னோம். இவனுங்க மலையாளி இல்ல, தமிழ்னு சொன்னோம். அதுக்கு உங்காளுங்களுக்கே கோவம். 'நாங்க மலையாளிதான்'னு நெஞ்சத் தட்டறானுங்க. அப்புறம் சோறு வாங்கற எடத்துல பாப்பேன். இன்னாடா, பாஷ கத்துக்கினியான்னு கேட்டா, திட்டறதுக்கு மட்டும் கத்துக்கினேன்பான் ஒருத்தன்."

"அவரு பேரு இன்னாங்க?"

"மலையாளின்னுதான் கூப்புடறது."

"எப்படி இருப்பாரு?"

"கட்டையா, கறுப்பா. மரம் நல்லா ஏறுவான்."

எங்கள் மலையில் கட்டையாக, கறுப்பாக, மரம் ஏறத் தெரியாத ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. வேறு ஏதாவது, வேறு ஏதாவது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பர்மா எல்லைக்குப் போனதையும், திரும்பும்போது பிடித்த மழையையும், தான் காய்ச்சலில் கிடந்ததையும் சொன்னார். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியாது.

"எங்கண்ணன் வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தான்மா. நான் இதுல. அந்தப் பக்கம் சுட்டவனும் நம்ம ஆளுதான். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் சுடாம வூடு வந்து சேந்தது சாமி புண்ணியம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். விண்ணப்பக் கட்டத்தில் நான் எழுதத் தயங்கிய சொல்லை, மலேயாவில் ஒரு மைதானத்தில் நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் தாத்தாவாக இருந்தால், அவரை நான் தேடியது தப்பான பட்டியலில். நாலு மாதம் வீண்.

புதிதாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். இனம்: மலையாளி. இந்தத் தடவை கடலூர்வரைக்கும் பஸ் போனது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பழைய தாளை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, மொதல்ல தமிழ்னு எழுதிகீற. இப்ப மலையாளின்னு எழுதிகீற. எது நெஜம்?"

"ரெண்டும்தாங்க."

"ரெண்டும் எப்டிம்மா இருக்க முடியும்?"

விளக்கினேன். விளக்க விளக்க என் காதுக்கே அது கட்டுக்கதை போல இருந்தது. அவர் என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

"புரியுது. கொழந்தைக்கு ஜாதி சர்டிபிகேட் வாங்கறதுக்கு தாத்தாவப் புடிக்கிற. இப்ப எல்லாரும் இதான் பண்றாங்க."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சான்றிதழ் என்னிடமே இருக்கிறது, எனக்கு வேண்டியது தாத்தா செத்தாரா என்ற ஒரு வரி மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "மன்னிச்சிடுங்க சார்" என்றேன். எதற்காக மன்னிப்புக் கேட்டேன் என்று பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வரும்போது என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அவர் தாளை வாங்கி, மேலே அனுப்பிவைத்தார். அதையும் சொல்லவேண்டும்.

ஏழு மாதம் கழித்து, போன புரட்டாசியில், இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு பக்கக் கடிதம் வந்தது. கேரளக்காரர் பட்டியலில் அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார். இனம் மலையாளி. சொந்த ஊர் 'கல்ராயன்', சேலம் ஜில்லா. தகப்பனார் பெயர் கவுண்டன். கடைசிக் கட்டத்தில்: பின்வாங்கும்போது காணாமல் போனார்.

முதலில் அழுதேன். பிறகு திரும்பப் படித்தேன். எங்கள் ஊர் இருப்பது தென்னார்க்காடு பக்கம். ஆனால் மலையில் பாதி சேலத்தைச் சேர்ந்தது, தாத்தா அந்தப் பக்கமாக இறங்கியிருக்கலாம். கவுண்டன் என்பது எங்களில் எல்லோருக்கும் சொல்கிற பெயர். தாத்தாவின் பெயரோ, மலையில் நாலு வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிற பெயர். எல்லாம் பொருந்துகிறது. எல்லோருக்கும் பொருந்துகிறது. மேலும் தகவல் வேண்டுமானால், விண்ணப்பதாரர் கேரளத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு அத்தாட்சி அனுப்பவேண்டுமாம். அதற்கு நான் எங்கே போவேன்?

எல்லாவற்றையும்விட எரிச்சல் அந்தக் கடைசி வரிதான். காணாமல் போனார். அது எங்களுக்குத் தெரியாதா? நாற்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் யோசிக்கவேயில்லை.

"உங்கப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா? செத்துட்டாருன்னு படிச்சிடு. முடிஞ்சிது. இருந்தா மட்டும் இன்னும் எத்தினி வருஷம் இருப்பாரு?"

"அது வேற யாரோட தாத்தாவோன்னா?"

"அவருக்கும் ஒரு எல சோறு கெடைக்கட்டும்."

அவர் சொல்வது எளிதாகத்தான் இருக்கிறது. போன வாரம் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். கடிதம் வந்ததை எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். குழந்தை இப்போது நடக்கிறது, அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்து, டைப் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

"இதுல எங்கப்பன் பேரு எங்க கீது?"

காட்டினேன். அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டார்.

"அப்ப ஓடிப்போவல. பட்டாளத்துலதான் இருந்துகீறாரு."

"அவரு மாதிரிதான்பா இருக்குது. அவருதானான்னு..."

நான் முடிக்கும் முன்பே கேட்டார். "செத்தாருன்னு போட்டுகீறானா?"

படித்துச் சொல்ல அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் கடிதத்தை நாலாக மடித்துக் கொடுத்தார். "போகிக்கு நீயே மேல வா. பங்காளிங்க எதுருல நீயே படிச்சிச் சொல்லு. நான் சொன்னா அவன் நம்பமாட்டான்" என்றார்.

போகிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இலைக்கு முன்னால் அந்தப் பங்காளி நிற்பார். நான் கடிதத்தைப் பிரிப்பேன். இருக்கிறபடி படித்தால் தாத்தாவின் பெயரை இந்த வருஷமும் தாண்டிவிடுவார்கள், அப்பாவின் முகத்தை நான் பார்க்கவேண்டும். ஒரே ஒரு வார்த்தையை மாற்றிப் படித்தால் கூப்பிடுவார்கள். விண்ணப்பத்தில் ஒரு தடவை வார்த்தையை மாற்றி எழுதி, என்ன ஆயிற்று என்று பார்த்தவள் நான். மறுபடியும் மாற்றுவதற்கு நாக்கு எழுமா?

இதைப் படிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது மலேயாவுக்குப் போய் இப்படித் திரும்பாதவர்கள் இருந்தால், நீங்கள் படையலில் என்ன செய்கிறீர்கள்? காணாமல் போனவரைக் கூப்பிட ஏதாவது வழி வைத்திருக்கிறீர்களா? என் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்தக் கடைசி வரியை எப்படிப் படிப்பீர்கள்? போகிக்கு முன்பு எழுதுங்கள்.