நாற்பத்தாறாம் வீட்டுப் படிவம்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம், எனக்கொன்றும் கோபமில்லை. ஆனால் இது நடந்தது. 2006 மே மாதம், ஹைதராபாத்தில், ஆண்டனிக்கு. அதுவும் பட்டப்பகலில். பேய் ராத்திரியில்தான் வரும் என்று எந்த மடையன் சொன்னானோ! உச்சிவெயிலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் நேரம் இருக்கிறதே, அதற்கு இருட்டு எவ்வளவோ மேல்.

ஆண்டனிக்கு ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். சமூகப்பணி படித்தவன், இருபத்துமூன்று வயது. ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருந்தான். சொந்த மாநிலத்தைத் தாண்டாதவனுக்கு ஹைதராபாத் வெளிநாடுதான். காற்றில் உப்பு இல்லை. கடல் சத்தம் கேட்காமல் தூக்கம் பிடிக்கவில்லை. தெலுங்கில் நாலு வார்த்தை தெரியும், அதில் இரண்டு தப்பு. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பயிற்சி ஒழுங்காக முடிந்தால் அங்கேயே நிரந்தர வேலை. இல்லாவிட்டால் அப்பாவோடு படகு. கடலுக்கு ஒரு மாமனையும் ஓர் அண்ணனையும் கொடுத்த வீடு அது. ரயிலேற்றும்போது அவன் அம்மா சொன்னது ஒன்றுதான்: "திரும்பி வந்துடாதய்யா."

நகரத்தின் ஓரம், பட்டான்செருவைத் தாண்டி ஒரு குடியிருப்பு. பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் குடிநீர் பற்றிக் கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். வீட்டில் யார் யார், என்ன வயது, எந்தக் குழாய்த் தண்ணீர், ஒரு வருடத்தில் சாவு உண்டா... நாளுக்கு இருபது வீடு.

மே 22, திங்கள். மாலை 5.10. பத்தொன்பது முடிந்திருந்தது. ஷேர் ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். மிச்சம் தெருக்கோடியில் இருந்த 46ஆம் எண் வீடு. துருப்பிடித்த பூட்டு. இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் அந்தத் திருட்டுத்தனம் தெரியும், வெளியேதான் சொல்ல மாட்டார்கள். ஆண்டனி ஆட்டோவில் உட்கார்ந்தபடியே ஒரு குடும்பத்தை உண்டாக்கினான். தெலுங்குப் பெயர் எதுவும் சட்டென்று வரவில்லை. வேதாசலம், 35. வள்ளியம்மாள், 28. அன்றைய படிவங்கள் எல்லாவற்றிலும் சாவுக் கட்டத்தில் பூஜ்யம். எல்லாமே பூஜ்யம் என்றால் மேலே இருப்பவர்கள் சந்தேகப்படுவார்கள். அதனால் எழுதினான்: ஒன்று. மகள் கல்பகம், 4. வயிற்றுப்போக்கு.

பாவி, பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை!

மறுநாள் சௌம்யா அந்தப் படிவத்தையே உருவினாள். அவள்தான் மேற்பார்வை. சிகந்தராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பத்துக்கு ஒரு வீட்டை அவளே நேரில் போய்ச் சரிபார்ப்பாள். பொய் என்று தெரிந்தால் ஆளை அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவாள்.

"தமிழ்க் குடும்பமா! நாளைக்கு நானும் வர்றேன்."

"வெயில் கொல்லுதுக்கா... நானே போயிட்டு..."

"நக்கோ, அதெல்லாம் வேணாம். நான் பாக்கணும்."

பூட்டிய வீடுதானே, ஊருக்குப் போயிருப்பார்கள் என்று சமாளிக்கலாம் என ஆண்டனி மனதைத் தேற்றிக்கொண்டான்.

மே 24, புதன். மதியம் 12.40. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

பூட்டும் இல்லை.

கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் அப்போதுதான் தண்ணீர் தெளித்ததுபோல ஈரம். அந்த வெயிலிலும் அது காயவில்லை. உள்ளே எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. டொக்... டொக்...

ஒரு பெண் வந்து நின்றாள். சௌம்யா கேட்டாள்.

"உங்க பேரு?"

"வள்ளியம்மாள்."

"வயசு?"

"இருபத்தெட்டு."

"வீட்டுக்காரர் பேரு?"

"வேதாசலம். முப்பத்தஞ்சு."

சௌம்யா ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். ஆண்டனி கதவு எண்ணை மறுபடி பார்த்தான்: 46. அந்தப் பெண் பதில் சொன்னது சௌம்யாவுக்கு. பார்த்தது அவனை.

கடைசியில் சாவுக் கட்டம் வந்ததும் சௌம்யா நிறுத்தினாள். "இதை நீ கேட்டாச்சு. பெத்தவளை மறுபடி அழ வைக்க வேணாம்" என்று அவன் காதோடு சொன்னாள். படிவம் செருகிய அட்டையை அவன் கையில் திணித்துவிட்டு, சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க வீட்டின் பின்பக்கம் போனாள்.

இப்போது இருவர் மட்டும்.

டொக்...

"பாப்பா இன்னும் சாகலை தம்பி" என்றாள்.

டொக்...

"அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சிடுங்க."

அடித்திருக்கலாம். படிவம் கையில். பேனா கையில். ஒரே ஒரு கோடு. ஆனால் ஏன் அடித்தாய் என்று சௌம்யா கேட்பாளே! பொய் வெளுத்துவிடும். வேலை போகும். அப்புறம் படகு... அம்மாவின் முகம் கண்ணில் வந்தது.

அவன் அடிக்கவில்லை.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மணி 12.52.

மறுநாள் அதே நேரத்துக்குத் தனியாகப் போனான்.

பூட்டுத் தொங்கியது. அதே துரு.

பக்கத்து வீட்டு சபீனா எட்டிப் பார்த்தாள். வாணியம்பாடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

"யார் வேணும்?"

"இங்க ஒரு அம்மா... நேத்து..."

"அங்க யாரு இருக்கா? ஒரு வருஷமா பூட்டு. நாளைக்குத்தான் குடி வர்றாங்க. சேலத்துக்காரங்க. வேதாசலம்னு பேரு. பொண்டாட்டி, ஒரு சின்னப் பொண்ணு."

வெள்ளிக்கிழமை காலை சௌம்யாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் நம்பவில்லை. யார் நம்புவார்கள்?

"அப்ப யாரையோ புடிச்சு நடிக்க வச்சிருக்க! வெக்கமா இல்ல?"

"என்னை அனுப்பிடுங்கக்கா. அந்த ஒரு வரியை மட்டும் அடிங்க. உங்க கால்ல விழறேன்."

"பொய்ப் படிவத்துல ஒரு வரி என்ன, பத்து வரி என்ன?"

சிவப்புப் பேனாவை எடுத்தாள். மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரே இழுப்பு. கோடு மூன்று பெயர்களையும் வெட்டிக்கொண்டு போனது. 'ரத்து' என்று எழுதினாள். விதிப்படி கையெழுத்து, தேதி, நேரம். 26.5.2006. காலை 11.20.

வேலை போயிற்று. ஆனாலும் நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கியது. குழந்தை தப்பித்தாள் என்று நினைத்தான்.

சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புமுன் அந்தக் குழந்தையை ஒருமுறை பார்த்துவிடலாமென்று போனான். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

பூட்டு.

சபீனாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"வரலை தம்பி... கர்னூல் கிட்ட வேன் உருண்டுடுச்சாம். நேத்து."

"எத்தனை மணிக்கு?"

"வீட்டு ஓனர் அவங்களுக்குப் போன்ல வழி சொல்லிட்டே இருந்தாராம். திடீர்னு கட் ஆச்சாம். பதினொண்ணு இருபது."

"பாப்பா...?"

"கல்பகமா? மூணு பேரும்தான் தம்பி."

பிஸ்கட் பாக்கெட் கீழே விழுந்தது.

அந்தத் தாய் கேட்டது ஒரே ஒரு வரி.

ஒரு வரி மட்டும்...