தூக்கம் சரியில்லையா?

காலையிலிருந்து போன் ஓயவில்லை. வட்டவடையிலிருந்து ஓர் அக்கா: "தம்பி, மூணாறுல வாங்குன ஆப்பு, பூண்டுக்குத் தூக்கம் சரியா காட்டல."

மலையாளம் பழகிய எங்கள் மலையில் எடைக்கும் தூக்கம் என்றுதான் பெயர்.

மின் தராசோடு இணைந்து எடை காட்டும் ஓப்பன் சோர்ஸ் ஆப் ஒன்றைத் தமிழுக்கு மாற்றி, "தூக்கம் சரியில்லையா? கூப்பிடுங்க" என்று என் நம்பரோடு உதவிப் பக்கமும் எழுதி, இலவசமாக வெளியிட்டிருந்தேன்.

மூணாறு கடைக்காரர் என் பெயரையும் லைசென்ஸையும் அழித்துவிட்டு விற்கிறார். உதவிப் பக்கத்தை மட்டும் தொடவில்லை.

அவரைக் கூப்பிட்டேன்.

"யாரு வேணா மாத்தலாம்னு நீங்கதானண்ணே எழுதியிருக்கீங்க?"

"மாத்தலாம், விக்கலாம். பேரையும் லைசென்ஸையும் எடுக்கக் கூடாதுன்னு அடுத்த வரியிலயே இருக்கே?"

"அம்புட்டையும் யாருண்ணே படிப்பா?"

வட்டவடையே படிக்கிறது, கடைசி வரியில் உள்ள என் நம்பர் வரைக்கும்.

இப்போது எனக்குத் தூக்கம் சரியில்லை. நான் யாரைக் கூப்பிட?